சொல்லத் தெரியும், கேட்கத் தெரியாது: ரிமோட்டும் வீட்டுத் தானியக்கமும்

மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை. காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து ஆய்வகத்துக்கு வந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாசலில் நின்றிருந்தாள். கையில் ஒரு பழைய இனிப்புப் பெட்டி. அறிவியல் மன்றத்தில் நாங்கள் சேர்ந்து செய்த கருவி அதற்குள் இருந்தது.

"சார், இதை வீட்டுல வச்சது தப்பாப் போச்சு. அப்பத்தா விடிய விடிய நடுங்கிட்டுக் கிடந்துச்சு."

அவளுடைய அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்து தேறியபின் கைநடுக்கம் உண்டு. வீட்டில் இருப்பது ரிமோட்டில் இயங்கும் மின்விசிறி. அந்த ரிமோட்டின் சிறிய பொத்தான்கள் அவருக்குப் பிடிபடவில்லை. அதனால் காலிங் பெல்லுக்குப் போடும் பெரிய அழுத்து சுவிட்ச் ஒன்றைக் கட்டிலோரம் வைத்தோம். அதை அழுத்தினால் ரிமோட் அனுப்பும் அதே சைகையை எங்கள் பெட்டி அனுப்பும். மாணவி தன் முயற்சியில் அதில் ஒரு கடிகாரச் சில்லையும் சேர்த்திருந்தாள். அதிகாலை 4 மணிக்குக் குளிரும் என்பதால், மின்விசிறி தானாக நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அன்று இரவு மழை. படுக்கப் போகும்போதே அவளுடைய அப்பா ரிமோட்டால் மின்விசிறியை நிறுத்திவிட்டார். 4 மணிக்குப் பெட்டி தன் கடமையைச் செய்தது. நின்றிருந்த மின்விசிறி ஓடத் தொடங்கியது! அப்பத்தா பெரிய சுவிட்சை அழுத்தினார். நின்றது. கைநடுக்கத்தில் விரல் மறுபடி பட்டது. மீண்டும் ஓடியது. யாரையும் எழுப்ப மனமில்லாமல் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டார்.

கருவி பழுதாகவில்லை. கம்பி எதுவும் கழன்றுவிடவில்லை. செய்தி சரியாகவே போய்ச் சேர்ந்தது. ஆனாலும் நடந்தது நேர்மாறு. ஏன்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் மூன்று வாரம் படித்ததை இங்கே பகிர்கிறேன். ஒளியியல், இரும எண்கள், நிரலாக்கம் மூன்றையும் ஒரே பொருளை வைத்து நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு இது பயன்படும்.

கண்ணுக்குத் தெரியாத விளக்கு

ரிமோட்டின் முனையில் சிறு குமிழ்போல் இருப்பது ஓர் எல்இடி. அது உமிழ்வது அகச்சிவப்புக் கதிர். பெரும்பாலான ரிமோட்டுகளில் அதன் அலைநீளம் சுமார் 940 நானோமீட்டர். நம் கண் ஏறக்குறைய 700 நானோமீட்டர் வரையிலான ஒளியைத்தான் நன்கு உணரும். அதனால் விளக்கு எரிவது நமக்குத் தெரிவதில்லை.

இதை ஒரு நிமிடத்தில் வகுப்பில் காட்டலாம். கைப்பேசியின் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். திரையில் வெளிர் ஊதாவாக ஓர் ஒளி மினுக்கும். சில கைப்பேசிகளின் பின்புறக் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருக்கும். அப்போது முன்புறக் கேமராவில் முயன்று பாருங்கள். ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் பழுது ரிமோட்டிலா, தொலைக்காட்சியிலா என்று கண்டுபிடிக்கவும் இதுவே எளிய வழி.

இந்தக் கதிரைக் கண்டறிந்தவர் வில்லியம் ஹெர்ஷல். 1800ஆம் ஆண்டில் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், நிறமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியிலும் வெப்பநிலை உயர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று அங்கே இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

சூரியனும் சேனலை மாற்றிய காலம்

ரிமோட் தொடக்கத்திலேயே அகச்சிவப்பில் இயங்கவில்லை. 1955இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம், யூஜின் பாலி உருவாக்கிய 'ஃப்ளாஷ்-மேட்டிக்' என்ற கம்பியில்லா ரிமோட்டை வெளியிட்டது. அது ஒரு டார்ச் விளக்கைப் போன்றது. தொலைக்காட்சித் திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியுணரிகள் இருந்தன. எந்த மூலையில் ஒளி படுகிறதோ அதற்கேற்ற வேலை நடக்கும். ஒளி வந்ததா இல்லையா என்பதை மட்டும் பார்த்த அந்த உணரிகளுக்கு டார்ச்சும் ஒன்றுதான், ஜன்னல் வழியே வரும் வெயிலும் ஒன்றுதான். வெயில் பட்டாலும் தொலைக்காட்சி தானாக மாறியது.

அடுத்த ஆண்டே அதே நிறுவனத்தில் ராபர்ட் அட்லர் வேறு வழி கண்டார். பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் அலுமினியத் தண்டு ஒன்று தட்டப்படும். அது மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலியை எழுப்பும். இதற்கு மின்கலமே தேவையில்லை. ஆனால் உலோகப் பொருள்கள் ஒன்றோடொன்று மோதும் ஓசையில்கூட அதே அதிர்வெண் கலந்திருக்கலாம் என்பதால், சில நேரம் சாவிக்கொத்து குலுங்கினாலும் தொலைக்காட்சி மாறியது. 1980களில்தான் அகச்சிவப்பு ரிமோட்டுகள் இவற்றின் இடத்தைப் பிடித்தன.

இந்த வரலாற்றைச் சொல்லிவிட்டு மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: "வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது. மனித உடலும் சூடான தோசைக்கல்லும்கூட அகச்சிவப்பை உமிழ்கின்றன. பின் ஏன் இன்றைய தொலைக்காட்சி வெயிலைப் பார்த்து ஏமாறுவதில்லை?"

வினாடிக்கு 38,000 முறை

சந்தைக்கடை இரைச்சலில் தன் பிள்ளையின் குரலை மட்டும் ஒரு தாய் அடையாளம் காண்கிறாள். குரல் உரக்கக் கேட்பதால் அல்ல, அதன் தன்மை தெரியும் என்பதால். ரிமோட்டிலும் இதே ஏற்பாடுதான்.

ரிமோட்டின் எல்இடி எரியும்போது தொடர்ந்து எரிவதில்லை. வினாடிக்குச் சுமார் 38,000 முறை அணைந்து எரிகிறது. அதாவது அதன் அதிர்வெண் 38 கிலோ ஹெர்ட்ஸ். சில நிறுவனங்கள் 36 அல்லது 40 கிலோ ஹெர்ட்ஸ் பயன்படுத்துவதும் உண்டு. தொலைக்காட்சியின் முகப்பில் சிறு கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஏற்பி, இந்த வேகத்தில் துடிக்கும் ஒளியை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொள்ளும். வெயில் துடிப்பதில்லை. அதனால் ஏற்பி அதைப் பொருட்படுத்துவதில்லை.

ஆனாலும் கடும் வெயில் நேரே ஏற்பியின் மேல் விழுந்தால் அதன் உணர்திறன் குறைந்துபோகும். சில மின்னணு விளக்குகளின் துடிப்பும் குழப்பம் விளைவிக்கலாம். வகுப்பறையில் ஜன்னலோரத் தொலைக்காட்சி நண்பகலில் ரிமோட்டுக்குச் சரியாகப் பணியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

68 மில்லி வினாடியில் ஒரு வாக்கியம்

துடிப்பு என்பது குரல். சொல் எங்கே இருக்கிறது? துடிப்புகளுக்கு இடையே விடப்படும் இடைவெளியின் நீளத்தில் இருக்கிறது.

பரவலாகப் பயன்படும் ஒரு முறை, ஜப்பானின் என்இசி நிறுவனம் வகுத்த குறியீடு. அதில் ஒரு செய்தி இப்படி அமையும்:

முதலில் 9 மில்லி வினாடி நீளமுள்ள துடிப்பு. "கவனி" என்று கூப்பிடுவதுபோல. பிறகு 4.5 மில்லி வினாடி மௌனம்.

அடுத்து 32 பிட்டுகள். ஒவ்வொரு பிட்டும் சுமார் 0.56 மில்லி வினாடி துடிப்பில் தொடங்கும். அதன்பின் வரும் மௌனம் குறுகியதாக இருந்தால் அது 0. நீண்டதாக இருந்தால் அது 1. துடிப்பும் மௌனமும் சேர்த்து 0 என்பதற்கு 1.125 மில்லி வினாடியும், 1 என்பதற்கு 2.25 மில்லி வினாடியும் ஆகும்.

32 பிட்டுகளில் முதல் 8 முகவரி. எந்தக் கருவிக்கான செய்தி என்பதை அது சொல்கிறது. அடுத்த 8, அதே முகவரியின் தலைகீழ் வடிவம். 0 இருந்த இடத்தில் 1, 1 இருந்த இடத்தில் 0. மூன்றாவது 8 கட்டளை. கடைசி 8, கட்டளையின் தலைகீழ். முடிவில் செய்தியை மூடும் சிறு துடிப்பு ஒன்று.

ஏன் தலைகீழையும் அனுப்ப வேண்டும்? நடுவில் யாராவது குறுக்கே போய் ஒரு பிட் கெட்டுவிட்டால், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஏற்பி அந்தச் செய்தியைத் தள்ளிவிடும். கூட்டல் கணக்கைச் செய்தபின் கழித்துச் சரிபார்க்கிறோமே, அதைப் போன்றது இது.

இதில் ஓர் அழகான கணக்கு உண்டு. தலைகீழும் சேர்ந்து போவதால், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் 32 பிட்டுகளில் சரியாகப் பதினாறு 0, பதினாறு 1 இருக்கும். எனவே 16 × 1.125 = 18; 16 × 2.25 = 36; மொத்தம் 54. முன்னால் உள்ள 13.5 சேர்த்தால் 67.5. இறுதித் துடிப்பையும் சேர்த்தால் சுமார் 68 மில்லி வினாடி. எல்லாச் செய்திகளும் ஒரே நீளம்! எட்டாம் வகுப்பு மாணவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுக் கண்டுபிடித்தபோது அடைந்த மகிழ்ச்சி, நான் சொல்லிக் கொடுத்திருந்தால் வந்திருக்காது.

கருவிக்கு ஒரு முகவரி இருப்பதால்தான் தொலைக்காட்சி ரிமோட்டுக்கு மின்விசிறி பணிவதில்லை. ஆனால் ஒரே மாதிரியான இரண்டு மின்விசிறிகளுக்கு ஒரே முகவரிதான் இருக்கும். ஒரே அறையில் இரண்டும் இருந்தால், ஒன்றை நிறுத்தப் போய் மற்றதும் நிற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம்.

தானியக்க அமைப்பில் ரிமோட்டின் இடம்

வீட்டுத் தானியக்கம் என்றால் விளக்கு, மின்விசிறி, ஏசி போன்றவை நேரத்தையோ வெப்பநிலையையோ வேறு நிலைமையையோ பார்த்துத் தாமே இயங்கும்படி ஒழுங்கு செய்வது. இணைய வசதியோடு வரும் புதிய கருவிகள் இதற்கென்றே செய்யப்பட்டவை. ஆனால் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் தொலைக்காட்சி, ஏசி, ரிமோட் மின்விசிறி ஆகியவற்றைத் தூக்கிப்போட முடியுமா? அவற்றுக்குத் தெரிந்த ஒரே மொழி அகச்சிவப்பு. எனவே அந்த மொழியைப் பேசத் தெரிந்த ஒரு பெட்டியை வீட்டில் வைத்துவிட்டால், பழைய கருவிகளும் தானியக்கத்தில் சேர்ந்துவிடும்.

பெட்டி செய்யும் வேலை இரண்டு. ஒன்று, கற்றுக்கொள்வது. அசல் ரிமோட்டை அதன்முன் பிடித்து அழுத்தினால் ஏற்பி வழியாகக் குறியீட்டைப் படித்துச் சேமித்துக்கொள்ளும். இரண்டு, திருப்பிச் சொல்வது. வேண்டியபோது தன் அகச்சிவப்பு எல்இடி வழியாக அதே குறியீட்டை ஒளிபரப்பும்.

இதற்குத் தேவையானவை அதிகமில்லை. ஓர் ஆர்டுயினோ யூனோ பலகை, 38 கிலோ ஹெர்ட்ஸ் அகச்சிவப்பு ஏற்பி ஒன்று, அகச்சிவப்பு எல்இடி ஒன்று, 220 ஓம் மின்தடை ஒன்று. ஆர்டுயினோ மென்பொருளில் 'ஐஆர்ரிமோட்' என்ற நிரல் நூலகத்தைச் சேர்த்தால் குறியீட்டைப் படிக்கவும் அனுப்பவும் எடுத்துக்காட்டு நிரல்கள் அதிலேயே கிடைக்கும். மின்தடையோடு எல்இடியை நேரே பலகையில் இணைத்தால் ஓரிரு மீட்டர் தூரம் எட்டும். அறையின் மறுகோடி வரை எட்ட வேண்டுமானால் ஒரு டிரான்சிஸ்டர் வழியாக எல்இடிக்குக் கூடுதல் மின்னோட்டம் தர வேண்டும்.

ஒரு முன்னெச்சரிக்கை. கடைகளில் கிடைக்கும் ஏற்பிகள் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் கால்களின் வரிசை வேறுபடும். டிஎஸ்ஓபி 1738 என்பதில் முதல் கால் தரை, நடுக்கால் மின்னூட்டம், மூன்றாம் கால் வெளியீடு. விஎஸ் 1838பி என்பதில் முதல் கால் வெளியீடு, நடுக்கால் தரை, மூன்றாம் கால் மின்னூட்டம். மாற்றி இணைத்தால் ஏற்பி சூடாகிக் கெட்டுப்போகும். எங்களுக்கு அப்படி இரண்டு போயின.

வைஃபை உள்ள இடங்களில் ஆர்டுயினோவுக்குப் பதிலாக ஈஎஸ்பி 8266 அல்லது ஈஎஸ்பி 32 பலகையைப் பயன்படுத்தலாம். ஈஎஸ்பி ஹோம், ஹோம் அசிஸ்டன்ட் ஆகிய திறந்தநிலை மென்பொருள்கள் அவற்றோடு இணைந்து வேலை செய்யும். இந்த மாணவியின் வீட்டில் வைஃபை இல்லை. தேவையும் படவில்லை.

எங்கே தவறியது?

இப்போது அப்பத்தாவின் இரவுக்கு வருவோம். கரும்பலகையில் இரண்டு பத்திகள் போட்டோம். "பொத்தான் என்ன சொல்கிறது?" என்பது ஒன்று. "ஏற்கெனவே எந்த நிலையில் இருந்தது?" என்பது மற்றொன்று.

ரிமோட்டின் 'பவர்' பொத்தான் "நில்" என்று சொல்வதில்லை. "ஓடு" என்றும் சொல்வதில்லை. "இப்போது இருப்பதை மாற்று" என்று மட்டுமே சொல்கிறது. ஓடினால் நிற்கும், நின்றால் ஓடும். இதை மாற்றுக் கட்டளை என்று வைத்துக்கொள்வோம். வேகப் பொத்தான்கள் அப்படியல்ல. 3 என்ற பொத்தானை ஒருமுறை அழுத்தினாலும் பத்துமுறை அழுத்தினாலும் வேகம் 3தான். இது நிலைக் கட்டளை.

நாம் கையால் ரிமோட்டை அழுத்தும்போது மாற்றுக் கட்டளையால் தொல்லை இல்லை. ஏனென்றால் நம் கண் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அழுத்துகிறோம். அழுத்தியபின் நின்றதா என்றும் பார்க்கிறோம். நிற்கவில்லை என்றால் மறுபடி அழுத்துகிறோம். ரிமோட்டுக்குச் சொல்லத்தான் தெரியும், கேட்கத் தெரியாது. அதில் எல்இடி உண்டு, ஏற்பி இல்லை. கேட்கும் வேலையை இதுவரை நாம் செய்துவந்தோம், செய்கிறோம் என்று அறியாமலே.

தானியக்கத்தில் ரிமோட்டை அழுத்தும் விரலை மட்டும் பெட்டிக்குக் கொடுத்துவிட்டோம். பார்க்கும் கண்ணைக் கொடுக்கவில்லை. தவறு அங்கேதான் நடந்தது.

ஏசி ரிமோட்டில் இதே சிக்கல் வேறு உருவில் வரும். பெரும்பாலான ஏசி ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் வெப்பநிலை, விசிறி வேகம், இயங்கும் முறை என எல்லா அமைப்புகளையும் சேர்த்து ஒரு நீண்ட செய்தியாக அனுப்புகின்றன. அது நிலைக் கட்டளை என்பதால் தானியக்கத்துக்கு வசதி. ஆனால் ரிமோட்டின் சிறு திரையில் தெரிவது ஏசியின் நிலை அல்ல, ரிமோட் தான் கடைசியாகச் சொன்னது மட்டுமே. யாராவது குறுக்கே நின்று செய்தி போய்ச் சேராவிட்டாலும் திரை 24 என்றே காட்டும். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தைப் பூட்டும்போது ரிமோட்டின் திரையை மட்டும் பார்த்து ஏசி நின்றுவிட்டது என்று நம்பிவிட வேண்டாம்.

மாணவர்கள் கண்ட தீர்வு

"நில் என்ற பொத்தானே ரிமோட்டில் இல்லையே, என்ன செய்வது?" என்று கேட்டு விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் சொன்னான்: "சார், முதல்ல வேகம் 1னு சொல்லிடுவோம். அப்ப கண்டிப்பா ஓடிட்டிருக்கும். அதுக்கப்புறம் பவர் அழுத்துனா கண்டிப்பா நிக்கும்ல?"

அதுதான் விடை. அந்த மின்விசிறி நின்றிருந்தாலும் வேகப் பொத்தானை அழுத்தினால் ஓடத் தொடங்கும் என்பதை முதலில் சோதித்து உறுதி செய்துகொண்டோம். எல்லா வகை மின்விசிறிகளும் இப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. பிறகு நிரலை மாற்றினோம். நிறுத்த வேண்டுமானால் 'வேகம் 1' மூன்று முறை, அதன்பின் 'பவர்' ஒரே ஒரு முறை.

ஏன் மூன்று முறை? வேகக் கட்டளை திரும்பப் போனால் கேடில்லை. ஒன்று தவறினாலும் மற்றொன்று போய்ச் சேரும். ஏன் பவர் ஒரே முறை? அது இரண்டு முறை போனால் எல்லாம் கெட்டுவிடும். அந்த ஒன்றும் தவறினால்? மின்விசிறி மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். மறுபடி சுவிட்சை அழுத்தினால் முழு வரிசையும் மீண்டும் போகும். திரும்பச் சொன்னாலும் பொருள் மாறாத ஒரு கட்டளையை, பொருள் மாறும் கட்டளைகளைக் கொண்டே மாணவர்கள் உருவாக்கிவிட்டார்கள்.

கைநடுக்கத்துக்கும் வழி செய்தோம். ஒருமுறை சுவிட்ச் அழுத்தப்பட்டால் அடுத்த மூன்று வினாடிகளுக்கு அதே சுவிட்சின் அழுத்தங்களை நிரல் பொருட்படுத்தாது. ஒரே சுவிட்சுக்குப் பதில் இரண்டு வைத்தோம். பச்சை ஓட, சிவப்பு நிற்க. அப்பத்தாவுக்கு இனி மின்விசிறியை அண்ணாந்து பார்த்து யோசிக்க வேண்டிய தேவை இல்லை.

பெட்டிக்கு ஒரு கண்

இதோடு நிறுத்தாமல், பெட்டி தானாகவே சரிபார்க்க முடியுமா என்று முயன்றோம். இதைப் பின்னூட்டம் என்கிறோம். மாணவர்களின் யோசனை எளியது. கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டைத் தொங்கவிட்டார்கள். அதன்முன் பொருள் அருகில் வருவதை அறியும் சிறு அகச்சிவப்பு உணரி ஒன்று. மின்விசிறி ஓடினால் காகிதம் படபடக்கும். உணரியின் வெளியீடு மாறிக்கொண்டே இருக்கும். நின்றால் மாறாது. பவர் கட்டளை அனுப்பி ஒரு நிமிடம் பொறுத்து, காகிதம் இன்னும் ஆடினால் பெட்டி வரிசையை மீண்டும் அனுப்பும். ஜன்னல் காற்றில் காகிதம் ஆடி ஏமாற்றுவதும் உண்டு. அதனால் மூன்று முறைக்கு மேல் முயலாதே என்று ஒரு வரம்பு வைத்தோம்.

மற்ற கருவிகளுக்கு வேறு கண்கள் பொருந்தும். ஏசியின் காற்று வரும் இடத்தில் ஒரு வெப்பநிலை உணரி வைத்தால் அது ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். தொலைக்காட்சிக்கு, மின்திறனை அளக்கும் வசதியுள்ள திறன் செருகி கடைகளில் கிடைக்கிறது. எத்தனை வாட் செலவாகிறது என்று பார்த்தே இயங்குகிறதா, நின்றிருக்கிறதா என்று அமைப்பு அறிந்துகொள்ளும்.

வகுப்புக்கு வகுப்பு

தொடக்க நிலையில் கருவி எதுவும் வேண்டாம். ஒரு ரிமோட்டும் கைப்பேசிக் கேமராவும் போதும். ரிமோட்டை எதிர்ச்சுவரை நோக்கிப் பிடித்தாலும் தொலைக்காட்சி இயங்குகிறதா? கண்ணாடி, செய்தித்தாள், துணி, அலுமினியத் தாள், உள்ளங்கை ஆகியவற்றால் முனையை மறைத்தால் என்ன ஆகிறது? முதலில் ஊகிக்கச் சொல்லி, பிறகு சோதித்து, அட்டவணையில் குறிக்கச் சொல்லலாம். கைதட்டல் விளையாட்டும் ஆடலாம். நீண்ட இடைவெளி விட்டால் 1, குறுகிய இடைவெளி விட்டால் 0 என்று வைத்துக்கொண்டு, ஒரு குழு தட்ட மற்றொரு குழு எழுத வேண்டும்.

நடுநிலை வகுப்புகளில் பதினாறு மாணவர்களை இரண்டு வரிசையாக நிறுத்துங்கள். முதல் வரிசையில் நிற்பவர் 1, உட்காருபவர் 0. எதிர்வரிசையில் இருப்பவர்கள் அவரவருக்கு நேரெதிராகச் செய்ய வேண்டும். வகுப்பு கண்ணை மூடியிருக்கும்போது ஒருவரை மட்டும் நிலை மாறச் செய்யுங்கள். பிழை எங்கே என்று மற்றவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு, எதிரெதிரே இருக்கும் இருவரும் சேர்ந்து மாறினால் கண்டுபிடிக்க முடியுமா என்று கேளுங்கள். எந்தச் சரிபார்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அவர்களே சொல்வார்கள்.

உயர்நிலை வகுப்புகளில் குறியீட்டைப் படிக்கும் நிரலை இயக்கி, வீட்டிலிருந்து கொண்டுவரும் ரிமோட்டுகளின் முகவரியையும் கட்டளைகளையும் பட்டியலிடலாம். ஒவ்வொரு பொத்தானும் மாற்றுக் கட்டளையா, நிலைக் கட்டளையா என்று வகைப்படுத்துவது நல்ல செயல்திட்டம். ஒலி அளவைக் கூட்டும் பொத்தான் இரண்டில் எதில் சேரும் என்ற விவாதம் எங்கள் வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதும் நடந்தது.

சில எச்சரிக்கைகள்

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ரிலே வழியாக அதை நேரே இயக்கும் சுற்றுகளை மாணவர்களைக் கொண்டு செய்ய வேண்டாம். அகச்சிவப்பின் பெரிய வசதியே இதுதான். 5 வோல்ட் பெட்டியில் இருந்து ஒளி மட்டுமே போகிறது. மின்விசிறியின் கம்பியை யாரும் தொட வேண்டியதில்லை. காலிங் பெல் சுவிட்சையும் 5 வோல்ட்டோடு மட்டுமே இணைக்க வேண்டும்.

அகச்சிவப்பு எல்இடியைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. ஒளி தெரியாததால் கண் தானாக மூடிக்கொள்ளாது.

இந்தக் குறியீடுகளுக்குக் கடவுச்சொல் கிடையாது. ஒரே குறியீட்டை யார் அனுப்பினாலும் கருவி பணியும். அகச்சிவப்பு வசதியுள்ள கைப்பேசியால் திறன் வகுப்பறையின் தொலைக்காட்சியை அணைத்து விளையாடும் மாணவர்களும் இருப்பார்கள். திட்டுவதோடு விடாமல், ஏன் அது முடிகிறது என்று அவர்களையே விளக்கச் சொல்லலாம். பிறருடைய கருவியை அவர்கள் அனுமதியின்றி இயக்குவது சரியா என்ற பேச்சையும் அங்கேயே தொடங்கலாம்.

கேட்கும் காது

இனிப்புப் பெட்டி மீண்டும் அப்பத்தாவின் கட்டிலோரம் போய்ச் சேர்ந்தது. ஒரு வாரம் கழித்து மாணவியிடம் கேட்டேன். "4 மணிக்கு நிக்குது சார். ஆனா அப்பத்தா அதுக்கு முன்னாடியே முழிச்சு, நிக்குதான்னு பாத்துட்டுத்தான் தூங்குது" என்றாள். பெட்டியின்மேல் அவருக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. அந்த ஓர் இரவுக்குப் பிறகு அவரைக் குறைசொல்ல முடியாது.

அன்று மாலை எனக்கு என் வகுப்பே நினைவுக்கு வந்தது. பாடத்தை நடத்திவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். "புரிஞ்சுது சார்" என்று ஒரே குரலில் பதில் வரும். அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். நான் கேட்டது ரிமோட்டின் திரையில் தெரியும் எண்ணைப் பார்ப்பது போன்றதுதான். இப்போது பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கொரு சீட்டில் ஒரே ஒரு விடை எழுதி வாங்குகிறேன். எங்கே போய்ச் சேரவில்லை என்று அதில் தெரிகிறது.

உங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் கருவி போய்விட்ட பிறகும் ரிமோட் மட்டும் ஒன்று மிஞ்சியிருக்கும். நாளை அதை வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். மின்கலம் போட்டுக் கேமரா முன் பிடித்து ஒருமுறை அழுத்துங்கள். மீதிக் கேள்விகளை மாணவர்கள் கேட்பார்கள்.